தாழிக்கு மூடியாக இருந்த நாள்

போன வாரம் வீட்டில் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டினார்கள். ஆழத்து மண்ணின் குளிர்ந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் தன்னால் பத்தடி பின்வாங்கினேன். மண் வாசனைக்குப் பயந்து ஒதுங்குகிற ஐம்பது வயது ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இதோ, பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வாசனையை முதலில் முகர்ந்தது இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால். அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் புது சூப்பர்வைசர். எங்கள் ஊர் வரலாறே மில் சங்கு ஊதித்தான் தொடங்கியது என்று நம்பியிருந்தவன். மில்லுக்குப் பின்னாலிருந்த பள்ளத்தை நிரப்ப, சேத்தூர் ரோடு ஏறிப்போகும் மேட்டிலிருந்து டிராக்டரில் மண் அடித்தோம். மூன்றாம் நாள் மண்வெட்டியில் ஒரு பெரிய தாழியின் வாய் தட்டுப்பட்டது. உள்ளே மண், சின்னக் கலயங்கள், ஓர் எலும்பு: அந்தக் காலத்தில் செத்தவர்களைப் புதைத்த முதுமக்கள் தாழி. எலும்பைப் பார்த்ததும் டிராக்டருக்குப் பின்னால் போய் நின்றேன். மேற்பார்வை அங்கிருந்தும் செய்யலாம் அல்லவா?

டிரைவர் மாரியப்பன் கடப்பாரையோடு வந்தார். "அடியில தங்கம் இருக்கும் சார். ஒரே போடு, செத்த நேர வேல."

தாழியின் கழுத்தைச் சுற்றி யாரோ விரலால் வரிசையாக அமுக்கிய பள்ளங்கள். கிட்டே போய்த் தொட்டேன். என் பெருவிரல் அளவாகப் பொருந்தியது. அவ்வளவுதான். ஓர் ஆளைச் சைக்கிளில் தாலுகா ஆபீசுக்குத் தகவல் சொல்ல விரட்டிவிட்டு, தாழி வாயில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அப்போது என் எடை குறைவு.

"அங்கருந்து ஆளு வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்!" குரல் மட்டும் வீரனுடையது.

மண் சுமக்கும் காளியம்மாக்கா சிரித்தார். "தம்பி, உள்ள இருக்கவிய உன்னைய இழுத்துக்கிடப் போறாக!"

"இழுத்தா இழுக்கட்டும்க்கா."

"மில்லுல சீட்டக் கிழிச்சிருவாக சார்" என்றார் மாரியப்பன்.

"கிழிக்கட்டும்."

அவர் முறைத்துவிட்டுப் போனார். மதியம் அக்காதான் தூக்குச்சட்டியை நீட்டினார். "தாழி மேல உக்காந்தவனுக்குச் சோறு வைக்கது இன்னைக்குத்தான். செத்தவியளுக்குப் படைக்க மாதிரியே இருக்கு. தின்னு." தின்றேன். சிறுநீர் முட்டியும் எழவில்லை.

சாயங்காலம் தாலுகா ஆபீஸ் ஜீப் வந்தது. தாழியை வைக்கோல் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் ஏற்றினார்கள். ஜீப் போனதும், மரத்துப்போன கால்களை உதறிக்கொண்டு, ஜெயித்தவனாக மேட்டில் ஏறினேன். மறுபக்கத்தில் மேடே இல்லை. மதியம் முழுக்க அங்கே மண் அள்ளியிருக்கிறார்கள். டிராக்டர் போன வழியெங்கும் கறுப்பும் சிவப்புமாக உடைந்த தாழிகளின் ஓடுகள்.

"நீங்க அந்த ஒண்ணத்தான சார் தொடக் கூடாதுன்னீக" என்றார் மாரியப்பன்.

வேலை போகவில்லை. மேடுதான் போய்விட்டது; பின்னால் ரோட்டையும் சமமாக்கிவிட்டார்கள். முன்பெல்லாம் சேத்தூர் பஸ் அந்த இடத்தில் கியரை மாற்றி முனகிக்கொண்டு ஏறும். இப்போது ஒரே சீராகப் போகிறது.