முருங்கைத் தோட்டத்து மிலிட்டரி லாரி

பச்சைக்கு மேல் யாரோ நீலம் அடித்து, அந்த நீலமும் உரிந்து மறுபடி பச்சை தெரிய ஆரம்பித்திருந்த ஒரு மிலிட்டரி லாரி, போன கோடைக்குச் சற்று முன்னால் எங்கள் பட்டறைக்கு வந்தது. இன்னொரு லாரியின் பின்னால் சங்கிலியில் கட்டி மெதுவாக இழுத்து வந்தார்கள். ராணுவம் ஏலத்தில் கழித்த வண்டி. போர்வெல் போடுகிறவர்கள் சில காலம் வைத்திருந்துவிட்டு விற்க, மூலனூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் வாங்கித் தண்ணீர்த் தொட்டி ஏற்றியிருந்தார். அவருக்கு முருங்கைத் தோட்டம். கிணறு வற்றினால் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சொந்தக்காரரின் போர்வெல்லிலிருந்துதான் தண்ணீர் கொண்டுவர வேண்டும். ஓடை மணலில் டிராக்டர் புதைந்துவிடும். முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கிற இந்த வண்டிதான் ஏறும்.

இப்போது அந்த முன்சக்கர இழுவையே வேலை செய்யவில்லை. சக்கரத்துக்குள்ளிருந்து எண்ணெய் கசிந்து பிரேக்கில் இறங்கியிருந்தது.

பட்டறை என் கணவருடையது, பெருமாநல்லூர் ரோட்டில். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நான் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைக்கிற டெய்லராக இருந்தேன். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி இளைப்பு வந்துவிட்டதால் டாக்டர் தையலை விடச் சொன்னார். வீட்டில் உட்கார மனமில்லாமல் பட்டறைக்குப் போனேன். சாமான்களை டீசலில் கழுவுவதும் பனியன் வேஸ்டுத் துணியால் துடைப்பதும்தான் என் வேலை.

முன்பக்க அச்சைப் பிரித்துச் சாக்கில் பரப்பியிருந்த சமயத்தில், பருவம் தப்பிப் பெய்த மழைத் தண்ணீரில் பைக் சறுக்கி என் கணவருக்கு வலது மணிக்கட்டு ஒடிந்தது. மாவுக்கட்டோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், "அந்த அக்காவ வரச் சொல்லு. வேற பட்டறைக்குக் கொண்டு போகட்டும்" என்றார்.

அக்கா வந்தார். பரப்பிக் கிடந்த சாமான்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கையொடிஞ்சது அவருக்குத்தானுங்களே? உனக்கு ரெண்டு கையும் நல்லாத்தான இருக்குது கண்ணு?"

"அக்கா, எனக்குக் கழுவ மட்டும்தான் தெரியும்."

"பிரிக்கறப்ப பக்கத்துல இருந்தியல்ல? அப்பறம் என்ன. பங்குனி முடியறதுக்குள்ள வண்டி ஓடோணும், மரமெல்லாம் பூ எடுக்கற நேரம்" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல் பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

"இது தையல் மிஷின் இல்ல, பாத்துக்கோ" என்றார் கணவர்.

"நீங்க சொல்லுங்க, நான் செய்யுதேன்" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

அந்த வண்டியில் எதுவும் லேசாக இல்லை. நட்டு இளகவில்லை என்றால் ஸ்பேனரில் நீளமான பைப்பைச் சொருகி அதன் மேல் ஏறி நின்றேன். கனமான பாகங்களைச் செயின் பிளாக்கில் தூக்கினேன். இரவில் தோள் கழன்றதுபோல வலிக்கும். ஆனால் காலையில் எழுந்ததும் முதலில் அந்த வண்டி ஞாபகம்தான் வரும். தைக்கப் போன வருஷங்களில் எனக்கு அப்படி வந்ததில்லை.

கசிவுக்குக் காரணம் ஆயில் சீல் என்கிற ரப்பர் வளையம், அது கிழிந்திருந்தது. கணவர் தெரிந்த இடத்துக்கெல்லாம் போன் போட்டார். அந்த வண்டிக்கு இப்போது சீல் வருவதில்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். சாய ஆலைகளில் ராட்சச மிஷின்கள் சுற்றுகின்றனவே, அவற்றிலும் எண்ணெய் கசியாமல் இருக்க ஏதாவது போட்டிருப்பார்கள்தானே என்று எனக்குத் தோன்றியது. கிழிந்த சீலைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு, சாய மிஷின் சாமான் விற்கும் பாய் கடைக்குப் போனேன்.

"எந்த மிஷினுக்கும்மா?"

"மிலிட்டரி லாரிக்கு பாய்."

அவர் சிரித்துவிட்டார். இருந்தாலும் அளவெடுத்தார். உள்ளே போய்ப் பெட்டிகளை உருட்டி, தூசி தட்டி இரண்டைக் கொண்டுவந்தார். "அளவு ஒண்ணேதாம்மா. மிஷின் கியர்பாக்ஸுக்கு வர்றது. எதுல மாட்டறோம்னு ரப்பருக்கா தெரியப் போவுது?" மறுநாள் அவரே ஸ்கூட்டரில் பட்டறைக்கு வந்து, சீல் உட்கார்ந்திருப்பதைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

எல்லாம் மாட்டி வண்டியைக் கிளப்பினோம். பிரேக் பிடித்தது. முன்சக்கர லீவரைப் போட்டதும், பல்லைக் கடித்து நறநறப்பது போலச் சத்தம் வந்ததே தவிர, முன்சக்கரம் இழுக்கவில்லை.

"அப்பமே சொன்னேன்" என்றார் கணவர்.

நான் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

காலையில் நான் பட்டறைக்குப் போனபோது வண்டிக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மாவுக்கட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு, இடது கையில் டார்ச்சோடு அவர் படுத்திருந்தார். "இங்க வா. லீவர்ல இருந்து போற ராடு குட்டையா இருக்கு. கியர் பாதிதான் போய் உக்காருது. அளவு நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

நானும் பக்கத்தில் படுத்தேன். அவர் வெளிச்சம் காட்ட, நான் ராடைத் திருகி நீளமாக்கினேன். லீவரை அசைத்ததும் உள்ளே டக்கென்று ஒரு சத்தம். இருவருமே சிரித்துவிட்டோம். எழுந்திருக்கத் தோன்றாமல் கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தோம்.

வண்டியை எடுக்க அக்கா தனியாகத்தான் வந்தார்.

"டிரைவர் எங்கக்கா?"

"நாந்தான் கண்ணு. பின்ன இத்தன வருசமா யாரு ஓட்டுனாங்கங்கற?" சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி தடுமாறினால் பார்க்க ஆள் வேண்டுமென்று எங்களையும் ஏற்றிக்கொண்டார்.

அவர் ஊர் போய்ச் சேர்ந்து, ஓடையின் அக்கரையில் தொட்டியை நிரப்பித் திரும்பும்போது மணலில் பின்சக்கரங்கள் சுற்ற ஆரம்பித்தன. வண்டி உட்காருவது தெரிந்தது. "லீவரப் போடு கண்ணு!" என்றார் அக்கா. போட்டேன். முன்சக்கரங்கள் மணலைப் பற்றிக்கொள்வதை என் கால்களில் உணர்ந்தேன். தண்ணீர் தளும்ப, வண்டி உறுமிக்கொண்டே கரையேறியது. என் கணவர் நல்ல கையால் கதவை ஓங்கித் தட்டிக் கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் பார்த்ததே இல்லை.

தோட்டத்தில் குழாயைத் திறந்ததும் மரத்தடிப் பாத்திகளில் தண்ணீர் ஓடியது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நின்றார். "நீயும் வா" என்று என்னையும் கூப்பிட்டார்.

கணவரின் கை கூடிவிட்டது. இப்போது இருவரும் சேர்ந்தே வேலை செய்கிறோம். போன மாதம் இதே மாதிரி ஒரு வண்டியை நாங்களே வாங்கிப் போட்டிருக்கிறோம். உதிரி பாகங்களுக்காகப் பிரித்துவிடலாம் என்கிறார் அவர். ஓடவிட்டு நாமே தோட்டங்களுக்குத் தண்ணீர் அடிக்கலாம் என்கிறேன் நான். பேச்சு இன்னும் முடியவில்லை. அதற்குள் இன்ஜினைக் கழற்றிக் கழுவ ஆரம்பித்துவிட்டேன்.