பன்னிரண்டு புட்டிப் புளிப்பு

இந்தச் சிங்கப்பூரில் வெள்ளைக்காரர் வீட்டுத் தோட்டங்களில் பூப்பாத்திக்கு வரம்பாகக் காலி பீர்ப் புட்டிகளைத் தலைகீழாக நட்டு வைக்கிறார்கள். வந்த புதிதில் வேலியோரம் நின்று ஒரு வீட்டில் நூற்று நாற்பது எண்ணினேன். நாகப்பட்டினத்தில் குடித்தவன் புட்டியை மறைக்கத்தான் இடம் தேடுவான். இங்கே குடித்து முடித்ததைக் கல்வாழைக்குக் காவல் நிறுத்திவிட்டு, மாலையில் மனைவியோடு அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறான். ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் நம்பமாட்டீர்கள். அந்தப் புட்டிகளில் ஒரு வகையை நானே ருசி பார்த்துச் சான்று எழுதிக் கொடுத்தேன் என்பதையும் நம்பமாட்டீர்கள். இரண்டும் உண்மை.

சிராங்கூன் ரோட்டில், மாட்டுக் கொட்டகைகளுக்கு எதிரே இருக்கும் சிறிய அச்சகத்தில் ஒரு வாரப் பத்திரிகைக்குப் பிழை திருத்துகிறேன். சந்தைக் குறிப்பும் என் பொறுப்பு. எந்தக் கப்பலில் என்ன அரிசி, வெங்காயம் ஈரமா காய்ந்ததா, கருவாடு எப்படி என்று போய்ப் பார்த்து எழுத வேண்டும். ஒரு சனிக்கிழமை நண்பகலில் சுல்தான் நானா அச்சகத்து வாசலில் வந்து நின்றார். நாகூர்க்காரர். ஆற்றங்கரையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கிட்டங்கிக்கு, அதாவது பண்டகசாலைக்கு, பதினாறு வருடங்களாகச் சாவி வைத்திருப்பவர். சந்தைக் குறிப்பில் நான் எழுதுவதில் பாதி அவர் காட்டிய மூட்டைகள்தான்.

“தம்பி, ஒன் நாக்கு எனக்கு ஒரு மணி நேரம் வேணும்.”

“நாக்கு என்னத்துக்கு நானா?”

“ஒரு சாமானை ருசி பாக்கணும். நான் பாக்கக் கூடாத சாமான்.”

ரிக்‌ஷாவில் போகும்போது விஷயத்தைச் சொன்னார். பெல்ஜியம் என்ற சின்ன தேசத்திலிருந்து ஆறு பெட்டி பீர் வந்திருக்கிறது. கம்பெனி அதை வெள்ளைக்காரர்களின் கிளப் ஒன்றுக்கு அனுப்பியது. அவர்கள் ஒரு புட்டியைத் திறந்து முகர்ந்துவிட்டு, குதிரை லாயம் போல் நாறுகிறது என்று எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தகரக் கூரைக்கடியில் வெயிலில் வைத்து நானாதான் கெடுத்துவிட்டார் என்று கம்பெனித் துரை சொல்கிறாராம். திங்கட்கிழமை பீர் ஆற்றுக்குள் போகும். சாவி வேறு கைக்குப் போகும்.

“பதினாறு வருஷத்துல என் கிட்டங்கியில ஒரு வெங்காயம் அழுகுனதில்ல தம்பி. வேலை போனாப் போவட்டும். சாமானைக் கெடுத்தவன்ங்கிற பேரோட நான் நாகூர்ல போய் எறங்க முடியுமா?”

நான் ஊரில் மதுவைத் தொட்டவன் இல்லை. இங்கே வந்தபின் மழைக்காலத்தில் எப்போதாவது ஒரு கிளாஸ் பீர் உண்டு. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு கிட்டங்கியில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். நானா முதல் புட்டியின் தக்கையைப் பிடுங்கினார். துப்பாக்கி வெடித்தது போல் சத்தம். “யா அல்லா!” என்று மிளகு மூட்டைக்குப் பின்னால் குனிந்தார்.

முதல் புட்டிக்கு நான் எழுதிய குறிப்பு இது. நிறம், நல்லெண்ணெய், லேசான கலங்கல். நுரை, வெள்ளை, நிற்கிறது. வாசனை, மழையில் நனைந்த குதிரைவண்டி மெத்தை. அதன் அடியில் வைக்கோல், பழைய செருப்பு. எல்லாவற்றுக்கும் கீழே எங்கோ எலுமிச்சைத் தோல். வாயில் வைத்ததும் கிடாரங்காய். நடுவில், மலாய்க்காரர்கள் மீன் குழம்பில் போடும் பிலிம்பிங்காய். பிறகு நாவற்பழம் தின்றது போல் நாக்கை இழுக்கிறது. விழுங்கிய பின், நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த இனிப்பு.

“கெட்டுப் போச்சா?” என்றார் நானா.

“இன்னொண்ணு தொறங்க.”

அவருக்குப் பொறுக்கவில்லை. குடிக்க முடியாதவர் கேள்விகளாலேயே ருசி பார்த்தார். “மோராட்டம் புளிக்குதா? எத்தனாவது நாள் மோரு?”

“மூணாவது நாள்.”

“ஊறுகாய் மாதிரியா?”

“ஊறுகாய்த் தண்ணி மாதிரி. ஆனா குதிரை குளிச்ச ஊறுகாய்த் தண்ணி.”

“அஸ்தஃபிருல்லா! இதையா காசு குடுத்து வாங்குறானுவ?”

ஐந்தாவது புட்டியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. புளித்த நீராகாரத்தை உப்பில்லாமல் எவன் குடிப்பான், உப்புப் போட்டால் அல்லவா உண்மை தெரியும் என்றார். எனக்கும் அப்போது அது மிக நியாயமாகப் பட்டது. மூட்டையிலிருந்து ஒரு பிடி கல்லுப்பை எடுத்து நேரே புட்டிக்குள் போட்டேன். பீரில் உப்பு விழுந்தால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியாது. புட்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு உள்ளிருந்ததையெல்லாம் வெள்ளை நுரையாக நானாவின் புதுக் கைலிமேல் கக்கியது.

“ஒரு சொட்டுப் படக் கூடாதுன்னு இருக்கேன், குளிக்கவே வச்சுட்டியேடா பாவி!” என்று கத்தியவர், கத்திக்கொண்டே சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. நான் சிரிப்பை நிறுத்த நெடுநேரம் ஆயிற்று.

ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கோப்பைதான் குடித்தேன். இருந்தாலும் குறிப்புப் புத்தகத்தில் எழுத்துகள் போகப் போகப் பெருத்திருக்கின்றன. எட்டாவது புட்டிக்கு எதிரே “மிக நல்ல மனிதர்கள்” என்று எழுதியிருக்கிறேன். யாரைப் பற்றி என்று இன்றுவரை தெரியவில்லை. பதினொன்றாவது முடிந்ததும் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வாசலோரம் நிழலில் இருந்த பெட்டியிலிருந்து எடுத்ததும் தகரக் கூரைக்கடியில் வெந்த பெட்டியிலிருந்து எடுத்ததும் ஒரே ருசி. நாகப்பட்டினத்தில் அச்சகத்துக்குப் போகுமுன் என் மதினி தினமும் ஒரு செம்பு நீராகாரம் கொடுப்பார். அது நேற்றுப் போலவே இன்றும் புளிக்கும். கெட்ட சோறு அப்படியில்லை; ஒரு நாள் நாறியது போல் இன்னொரு நாள் நாறாது. பதினொரு புட்டியும் ஒரே மாதிரி புளித்தால், அந்தப் புளிப்பை யாரோ ஒருவன் வேண்டுமென்றே வைத்திருக்கிறான்.

இதை நானாவுக்குச் சொல்லி முடிக்கவும் துரை உள்ளே வரவும் சரியாக இருந்தது. இளைஞர். வெயிலில் சிவந்த மூக்கு. எங்கள் மூவருக்கும் பொதுவான மொழி சந்தை மலாய்தான். திறந்த புட்டிகளைப் பார்த்துவிட்டு, “ரோசாக்!” என்றார். கெட்டுவிட்டது என்று பொருள்.

நான் எழுந்து நின்றேன். நின்றேன் என்றுதான் நினைக்கிறேன். “தீடா ரோசாக், துவான். மாசாம் சாஜா.” கெடவில்லை, வெறும் புளிப்புதான்.

“மாசாம், ரோசாக், சாமா!” என்றார். புளிப்பும் கெட்டதும் அவருக்கு ஒன்றுதான். எலுமிச்சை, தயிர், ரசம், இட்லி என்று நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். அவர் பொறுமையாக என் விரல்களைப் பார்த்தார்.

அப்போதுதான் கேட்கத் தோன்றியது. கிட்டங்கிக்குள் ஒரு நாள்கூட வராத புட்டி ஏதாவது உண்டா? இருந்தது. கப்பல் தலைவன் அன்பளிப்பாகக் கையில் கொடுத்த ஒன்று, மாடியில் துரையின் மேசைமேல், சிவப்பு அரக்கோடு அப்படியே இருந்தது. அதைத் திறக்க அவருக்கு மனமில்லை. ஆனாலும் திறந்து பார்க்காமல் ஒருவனைக் குற்றவாளியாக்கவும் அவருக்கு மனமில்லை போலும். படியேறினோம். வழக்கத்தைவிட அன்று படிகள் அதிகம்.

நானா அறைக்குள் வரவில்லை. கைலி ஈரமாக வாசலில் நின்று, சாவிக்கொத்து சத்தமிடாதபடி இறுக்கிப் பிடித்திருந்தார். இந்தப் புட்டி இனித்தால் அவர் கதை முடிந்தது. தக்கை பறந்து போய், மேலே விசிறியாகத் தொங்கிய பங்காத் துணியில் அடித்து விழுந்தது. துரை ஊற்றினார். நான் மூக்கைக் கொண்டுபோனேன்.

குதிரை வந்தது. என் வாழ்நாளில் ஒரு குதிரையை இவ்வளவு சந்தோஷமாக நான் வரவேற்றதில்லை.

துரை முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார், முகம் சுளித்தார். இன்னொரு வாய் குடித்தார். மூன்றாவது வாய்க்கு அவசியமே இருக்கவில்லை, ஆனாலும் குடித்தார். “குடா!” என்று சொல்லிச் சிரித்தார்.

வாசலிலிருந்து தமிழில் குரல் வந்தது. “என்ன தம்பி சொல்றான்?”

“குதிரைன்னு சொல்றான் நானா. நம்ம குதிரையேதான்!”

சாவிக்கொத்து கலகலவென்று ஆடியது.

மேலிடத்துக்குக் காட்ட ஒரு தாள் வேண்டும் என்று துரை சொன்னார். சரக்கு செய்து அனுப்பியபடியே இருக்கிறது, கிட்டங்கியில் கெடவில்லை என்று அவரே ஆங்கிலத்தில் எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். “ஓராங் மானா?” என்றார். எந்த ஊர் ஆள்? இந்த நகரத்தில் தினமும் பத்துப் பேர் கேட்கும் கேள்வி. பெயருக்குக் கீழே நாகப்பட்டினம் என்று எழுதினேன். எழுதியதும் சந்தேகம் வந்தது. அங்கேயே இருந்திருந்தால் இந்த நாக்கு பீரைத் தொட்டிருக்காது. அதை அடித்துவிட்டு, சிங்கப்பூர் என்று எழுதினேன். பிறகு, நான் சாட்சிக்குக் கூப்பிட்ட கிடாரங்காயும் நாவற்பழமும் நீராகாரமும் அந்தக் கரையைச் சேர்ந்தவை என்று தோன்றியது. அதையும் அடித்தேன்.

“ஏதாவது ஒண்ணை எழுதுப்பா,” என்றார் நானா. “அவன் மனசு மாறிடப் போவுது.”

மேலே மறுபடி நாகப்பட்டினம் என்று தொடங்கினேன். பாதியில் துரை தாளை இழுத்துக்கொண்டு, தமிழைப் படிக்கத் தெரியாதவராகையால் எதையும் பார்க்காமல், கம்பெனி முத்திரையை ஓங்கிக் குத்தினார். அடித்த ஒரு ஊரின்மேல் பாதியும் அடித்த மற்ற ஊரின்மேல் பாதியுமாக அந்த நீல வட்டம் விழுந்தது. ஈரம் காயாத மை இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தாளின் ஓரம் வரை ஓடியது.