நிமிர்ந்து பார்க்காத மாலுமி

சட்டை நுனியை வெளியே இழுத்து டேப்லெட்டைத் துடைக்கிறார். வெயிலில் சாய்த்துப் பார்க்கிறார். எங்கோ ஒரு விரல் ரேகை மிச்சம் இருக்கிறது போலும். ‘ஹா’ என்று வாயால் ஊதி மறுபடி துடைக்கிறார். இதற்குள் பாய் காற்றை விட்டுவிட்டுப் படபடவென்று அடித்துக்கொள்கிறது. படகு பக்கத்துப் படகை நோக்கி நிதானமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

“என்னங்க, முன்னாடி பாருங்க!” என்று மனைவி கத்துகிறாள்.

“பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்,” என்கிறார் அவர், டேப்லெட்டைப் பார்த்தபடியே.

இத்தனைக்கும் இவருடைய தொழில் கண்ணாடிக் கடை. வாரம் முழுக்க ஊரார் கண்களைச் சோதித்து, மூக்கின் அகலம் பார்த்து, ஃபிரேம் மாட்டிவிடுகிறவர். கடைக்கு வருகிற ஒருவரையும் அறிவுரை சொல்லாமல் வெளியே விடமாட்டார். “எந்நேரமும் போனையே பார்த்துக்கிட்டிருந்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்? அப்பப்பத் தலையைத் தூக்கித் தூரத்துல பாருங்க சார்.” இதையே பெரிய எழுத்தில் அச்சடித்துக் கடைச் சுவரிலும் மாட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை படகில் ஏறியதும் அந்தச் சுவரைச் சுத்தமாக மறந்துவிடுகிறார்.

அவர் கண்ணில் தூரத்துக்கு ஒரு குறையும் கிடையாது. கிட்டத்தில்தான் தகராறு. படிக்கிற கண்ணாடி இல்லாவிட்டால் டேப்லெட் வரைபடத்தில் கடல் எது கரை எது என்றே தெரியாது. அதனால் படகில் இருக்கும் நேரமெல்லாம் அந்தக் கண்ணாடி மூக்கிலேயே இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு தலையைத் தூக்கினால் உலகமே மங்கல். ஆகவே தலையைத் தூக்குவதில்லை.

இருவர் படுக்கும் அளவுக்கு ஒரு சின்ன அறை, ஒரு பாய்மரம், ஒரு சுக்கான்: அவ்வளவுதான் படகு. அதில் வழி பார்க்க மூன்று கருவிகள். சுக்கானுக்கு எதிரே திசைகாட்டியை ஒட்டி ஒரு தாங்கியில் டேப்லெட். அதற்கு ‘டக்’கென்று ஒட்டிக்கொள்ளும் காந்தம் வைத்த தோலுறை. கழுத்தில் பிளாஸ்டிக் பையில் ஒரு போன். உள்ளே சாப்பாட்டு டப்பாவில் திரையில் கீறல் விழுந்த பழைய போன் ஒன்று. “ஒண்ணு போனா ஒண்ணு வேணும்ல?” அந்த டப்பாவில் இருந்த சாப்பாடு எங்கே போனது என்று கேட்டால் பதில் வராது. மூன்றும் மூன்று இடத்தைக் காட்டும்போது கூட்டம் போட்டு முடிவெடுப்பார். “இதுல நாம இங்க இருக்கோம். அதுல அங்க. சராசரியா எடுத்தா, கரெக்டா இங்க.”

மழைத்துளி ஒன்று விழுந்தால் போதும், வரைபடம் தானாகவே வேறொரு கண்டத்துக்குப் போய்விடும். ஈர விரலால் இழுப்பார். அது இன்னும் தூரம் போகும். படகுத்துறையில் இவருக்கு ‘சாட்டிலைட்’ என்று பெயர். கேலி என்று மனைவிக்குத் தெரியும். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். “ரோட்டைப் பாரு, கியரைப் பார்க்காதே” என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போனவள். பயிற்சிக் காரில் அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு; யார் எங்கே பார்த்து ஓட்டினாலும் அவள் ஒரு மிதி மிதித்தால் வண்டி நின்றுவிடும். படகில் அது இல்லை. இருந்தாலும் அவள் வலது கால் சும்மா இருப்பதில்லை. அவர் டேப்லெட்டுக்குள் தலையை விடும்போதெல்லாம் பலகையை அழுத்தி அழுத்தி, இறங்கும்போது கெண்டைக்கால் இறுகிப்போய் வலிக்கும்.

போன மாதம் படகு தரைதட்டியது. பட்டப்பகலில், அமைதியான கடலில், எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாறைமேல். படகு ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்க, இவர் சரிந்த பலகையில் காலை ஊன்றிக்கொண்டு, “மேப்புல இல்லையே!” என்று வாதாடினார். வரைபடம் முழுவதும் ஒரே திரையில் தெரியவேண்டும் என்று சுருக்கி வைத்திருந்தார். சுருக்கினால் சின்னப் பாறையெல்லாம் மறைந்துவிடும். விரலால் பெரிதாக்கியதும் பாறை தன் பெயரோடு வந்து நின்றது. “அட, இப்பதான் காட்டுது!” என்றார், ஏதோ பாறை இப்போதுதான் முளைத்த மாதிரி. கடல் ஏற்றத்தில் தண்ணீர் ஏறிப் படகு தானாக நிமிர்ந்தது. அப்போது மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள்.

“இன்னொரு வாட்டி தட்டுச்சுன்னா, நான் இதுல காலை வைக்க மாட்டேன்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். அவருக்கும் தெரியும். அவள் இல்லாமல் படகை எடுக்கவும் முடியாது. சுக்கானுக்கு ஒருவர், பாய்க்கு ஒருவர் வேண்டும். அதோடு இன்னொன்றும் உண்டு, அதை இருவரும் பேசுவதில்லை. அவள் விடியும் முன்பே பயிற்சி கொடுக்கப் போய்விடுகிறாள். அவர் கடையடைத்து வரும்போது அவள் தூங்கியிருப்பாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அந்த ஞாயிறு அவளுக்கு வேண்டும். இந்த மனிதரும் வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சலைத்தான் அவளால் தாங்கவே முடியவில்லை.

திசைகாட்டி விஷயத்தைச் சொல்லாவிட்டால் இவரைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது. “காம்பஸ் கெட்டுப்போச்சு. ஒரு பக்கமாவே இழுக்குது,” என்று படகோடு வந்ததைக் கழற்றிக் கடலில் வீசினார். புதிதாக ஒன்று வாங்கி அதே இடத்தில் மாட்டினார். அதுவும் ஒரு பக்கமாகவே இழுத்தது. “ரெண்டுமா கெட்டுப்போச்சு?” என்று மனைவி கேட்டாள். “இப்பல்லாம் எவன் ஒழுங்காச் செய்யறான்?” என்று உலகத்தைத் திட்டிவிட்டு டேப்லெட்டுக்குத் திரும்பிவிட்டார்.

இந்த ஞாயிறு மாலை, துறைமுக வாசலுக்கு வரும்போது டேப்லெட் கறுத்துப்போனது. இருபுறமும் பாறை, நடுவில் வளைந்து போகும் குறுகலான வழி. நாள் முழுக்க வெயிலில் வெந்த டேப்லெட், ‘சூடாகிவிட்டேன், ஆறியதும் வருகிறேன்’ என்ற பொருளில் ஒரு வரி காட்டிவிட்டு அணைந்தது. அவர் தொப்பியைக் கழற்றி அதற்கு விசிறினார்.

“என்னங்க, பாறை!”

“ரெண்டே நிமிஷம், ஆறிடும்.”

கழுத்துப் போனை எடுத்தார். இந்த இடத்தின் வரைபடத்தை அதில் இறக்கி வைக்க மறந்திருக்கிறார்; சாம்பல் நிற வெறுமைக்கு நடுவே ஒரு நீலப் புள்ளி மட்டும் மினுமினுத்தது. பழைய போனைத் திறந்தார். அது பாஸ்வேர்டு கேட்டது.

“பாஸ்வேர்டு என்னன்னு ஞாபகம் இருக்கா?”

“நீங்க வச்சது. என்னைக் கேட்டா?”

அப்போதுதான் அவருக்குத் திசைகாட்டியின் நினைவு வந்தது. “வடக்கே போகணும். காம்பஸ்படி வடக்கு... இந்தப் பக்கம்.” சுக்கானை இடதுபுறத்துக்குத் திருப்பினார். அங்கே அலை உடைந்து வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. அதற்கு நேர்மேலே சூரியன்.

“சாயங்காலச் சூரியன் வடக்குலயா இருக்கும்?” என்றாள் மனைவி. கத்தவில்லை. அவர் கையைத் தட்டிவிட்டுச் சுக்கானைப் பிடித்துக்கொண்டாள். “எந்திரிங்க. முன்னாடி போய் நில்லுங்க. எங்க ஆழம், எங்க பாறைன்னு கையை நீட்டிக் காட்டுங்க. வாயே திறக்காதீங்க.”

தட்டுத் தடுமாறி முன்முனைக்குப் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் மங்கலாக இருந்தது. எரிச்சலோடு கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார். உடனே தண்ணீர் தெளிந்தது. வெளிர்பச்சையாக இருந்தால் மேடு, கருநீலமாக இருந்தால் ஆழம். படகு வாங்கிய நாளிலிருந்து அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. வலக்கையை நீட்டினார். இன்னும் வலப்புறம். பிறகு கையை நேராக்கினார், அசையாமல். மனைவி அந்தக் கையை மட்டும் பார்த்து ஓட்டினாள். வலது கால் பலகையை அழுத்தியபடியே இருந்தது. பாறை இடதுபக்கம் மெல்ல நகர்ந்து பின்னால் போனது. அதன்மேல் ஒரு பறவை உட்கார்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. எதுவும் தட்டவில்லை.

உள்ளே அமைதியான தண்ணீருக்கு வந்ததும் அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவளுக்குப் பேச எத்தனையோ இருந்தது. எதிலிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. சும்மா இருக்க முடியாத அவர், டேப்லெட்டை நிழலில் வைக்கலாம் என்று உறையோடு தாங்கியிலிருந்து கழற்றினார். வழக்கமாகப் படகைக் கட்டியபிறகுதான் கழற்றுவார். அப்போது திசைகாட்டியை யார் பார்க்கிறார்கள்?

இன்று இருவரும் பார்த்தார்கள். முள் மெதுவாகச் சுற்றி, சூரியனை விட்டு விலகி, படகின் முன்முனைக்கு நேராக வந்து நின்றது.

டேப்லெட்டைப் பக்கத்தில் கொண்டுபோனார். முள் அதன் பின்னாலேயே ஓடியது. விலக்கினார். திரும்பி வந்தது. உறையின் காந்தத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

“அப்ப முதல் காம்பஸ்?” என்றாள் மனைவி.

“அதுவும் நல்லாத்தான் இருந்திருக்கும்,” என்றார் முனகலாக.

டேப்லெட்டை அறைக்குள் வைத்துவிட்டு வந்தார். படகுத்துறை தெரியத் தொடங்கியது. “அடுத்த ஞாயித்துக்கிழமை...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவள் முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளே டேப்லெட் ஆறி, ‘டிங்’ என்று விழித்துக்கொண்டது.

பழக்கதோஷத்தில் பாதி எழுந்தார். அவள் கால் பலகையை அழுத்தியது. அவர் அந்தக் காலைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்து, நெற்றியிலிருந்த படிக்கிற கண்ணாடியை எடுத்து, கடையில் வாடிக்கையாளருக்கு மடிப்பதைப்போலப் பக்குவமாக மடித்து, சுக்கான் பிடிக்காத அவளுடைய கையில் வைத்தார்.