மாமா மட்டும்தான் தாமசம்

அன்றைக்கு நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் யாரும் என்னை முழுசாகப் பேசவிட்டதில்லை. கல்யாணம், காதுகுத்து, எங்கே போனாலும் பந்தியில் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். "இவ ஒரு வார்த்தை சொன்னா, மாமாவோட வண்டிவீடு போச்சு." எல்லாரும் சிரிப்பார்கள். நான் பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்து கைகழுவப் போய்விடுவேன். எட்டாவதோடு படிப்பை விட்டவள், இவள் எங்கே எழுதிவைக்கப்போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் அப்பாவுக்கு எடைபோடுகிற வேலை கிடைத்து, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நாங்கள் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பாவின் தங்கையை, அதாவது என் அத்தையை, பத்து வருஷத்துக்கு முன்பே மட்டாஞ்சேரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா வீட்டார் மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற தமிழர்கள். அவர்கள் பேசுகிற தமிழ் எனக்குப் பாட்டு மாதிரிக் கேட்கும், பாதி புரியாது. மாமா களமசேரியில் ஒரு பட்டறையில் வெல்டர்.

மாமா வீட்டில் மூன்று அறை, பதினொரு பேர். இரண்டு அண்ணன்மார் குடும்பத்துக்கும் ஆளுக்கு ஓர் அறை, மூன்றாவதில் மாமாவின் அம்மாவும் பிள்ளைகளும். குழந்தை இல்லாததால் மாமாவும் அத்தையும் கூடத்தில் படுத்தார்கள். கக்கூஸுக்குப் போகிறவர்கள் அவர்களைத் தாண்டித்தான் போகவேண்டும். அத்தையின் சேலைகள் மூத்த ஓரகத்தியின் பீரோவில் கடைசித் தட்டில் இருந்தன. ஒரு சேலை எடுக்க வேண்டுமென்றாலும் கதவைத் தட்டிவிட்டு நிற்கவேண்டும். இதெல்லாம் எனக்கு அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் மூன்று பேர்தான், அங்கே போனால் விளையாட ஆள் இருந்தது.

வெலிங்டன் தீவில் ரோடு போட வந்த ஒரு கம்பெனி, தன் சைட் ஆபீஸ் பெட்டி ஒன்றைக் கழித்துப்போட்டது. இரண்டு சக்கரத்தின்மேல் ஒரு தகரப் பெட்டி, ஜீப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போவது. மாமா அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்து ஒரு வருஷம் வேலைக்குப்பின் உட்கார்ந்து அறுத்தார், ஒட்டினார். சுவரிலிருந்து மடக்கி இறக்குகிற கட்டில், கூரையில் நீலத் தண்ணீர் டிரம், லாரி பேட்டரி, அதற்குக் கரண்ட் தருகிற சூரியத் தகடு, ஒரு பல்பு, ஒற்றை அடுப்பு, உள்தாழ்ப்பாள். தெருவுக்கு அதைக் கொண்டுவந்தபோது பக்கத்து வீட்டுச் சேட்டன் கேட்டார், "ஷூட்டிங் எவிடெயா? நாயகி உள்ளே உண்டோ?" மாமா அத்தையைக் காட்டினார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் லீவில் பட்டறை ஜீப்பில் பெட்டியை இழுத்துக்கொண்டு போய், மலைமேல் ஓர் அணைக்கட்டின் கரையில் இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம். மாமாவின் மூத்த அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "புருஷனும் பொண்டாட்டியும் தனியா காட்டுக்குப் போறதா? நாலு பேர் கேட்டா என்ன பறையறது? அந்தக் குட்டியையும் கூட்டிட்டுப் போ." குட்டி நான்தான். என்மேல் உள்ள பிரியத்தில் கூட்டிப்போகிறார்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதையாவது நினைத்துப் பயந்துகொண்டிருக்கிற சுபாவம். வழியில் சாயாவுக்கு நிறுத்திய இடத்திலெல்லாம் இறங்கி ஓடி, கொக்கி மாட்டியபடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். யானை வருமா, அட்டை கடிக்குமா, டிரம் கூரையை உடைத்துக்கொண்டு தலையில் விழுமா, எல்லாம் கேட்டேன். கடைசியாக, அங்கே தங்கினால் யாராவது திட்டமாட்டார்களா என்றும் கேட்டேன். என் கேள்விகளிலேயே உருப்படியானது அதுதான். மாமா சொன்னார், "புறம்போக்கு, மோளே. சர்க்கார் இடம். சர்க்கார்னா நம்ம எல்லாரும்தானே. ரெண்டு நாள் இருந்துட்டு, குப்பையை வாரிட்டு வந்தா யாருக்கு என்ன சேதம்?"

சனிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். தண்ணீர் இறங்கிப்போன கரை, புல், தூரத்தில் எதிர்க்கரையில் ஒரு பெரிய ரிசார்ட். கரண்டும் கிடையாது, குழாயும் கிடையாது. கக்கூஸுக்குத் தார்ப்பாய் கட்டி மறைவு செய்து, ஒரு மண்வெட்டியை என் கையில் கொடுத்தபோது நான் அழுதேன். அத்தையோ எதையும் கவனிக்கவில்லை. பழைய சேலையைக் கிழித்துத் தைத்த திரையை ஜன்னலில் மாட்டினாள். மூன்று தட்டுகளையும் அடுக்கினாள், எடுத்தாள், வேறு பக்கம் அடுக்கினாள். கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், திரும்பவும் போட்டாள். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டால் எப்படி வெளியே போவது என்று நான் நச்சரித்தேன். "சிக்கட்டுமே" என்றாள். காலையில் எழுந்து பார்த்தால், இறங்குகிற படிக்கு முன்னால் புல்லைச் செதுக்கிக் கோலம் போட்டிருந்தாள். இரண்டு கம்பு நட்டுக் கொடி கட்டித் துணியும் காயப்போட்டாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டயர் காற்றிறங்கிக் கிடந்தது. மாமா பெட்டியை ஜாக்கியில் தூக்கி, நாலு மூலைக்கும் கல் அடுக்கி நிறுத்தினார். சக்கரத்தைக் கழற்றி ஜீப்பில் போட்டுக்கொண்டு, "ஒரு மணிக்கூர், ஓடிப் போயிட்டு வந்துடறேன்" என்று மலைக்குக் கீழே இருக்கிற ஜங்ஷனுக்குப் போனார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. மூன்றும் ஆயிற்று. பஞ்சர் கடைக்காரர் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போயிருந்தார், அது முடிந்து மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் கடை திறந்தார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. எனக்குத் தெரிந்தது அந்தக் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும்தான். ஒவ்வொரு வளைவிலும் மாமாவின் ஜீப்பை நான் ஒருமுறை உருட்டிவிட்டுப் பார்த்தாயிற்று. அத்தை உள்ளே சமைத்துக்கொண்டு ஏதோ முனகலாகப் பாடிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபமாக வந்தது.

அப்போது ஒரு ஜீப் சத்தம். ஓடினேன். மாமா இல்லை. சட்டைப் பையில் பேனா செருகிய வயசாளி ஒருவரும், ஃபைல் பிடித்த இளவயதுக்காரர் ஒருவரும் இறங்கினார்கள். அந்த ஊர் நிலம் பார்க்கிற அதிகாரியும் அவருடைய உதவியாளும். வயசாளி கல்லையும் கோலத்தையும் கொடியில் காய்கிற துணியையும் பார்த்துவிட்டு, குனிந்து அன்பாகத்தான் கேட்டார்.

"இவிடெ தாமசமாணோ, மோளே?"

காலையிலிருந்து நான் ஒருத்தியாகச் சுமந்துகொண்டிருந்ததை ஒரு பெரிய மனுஷர் தானாகவே வந்து கேட்கிறார்.

"ஆமா சார். ரொம்பத் தாமசம்."

"ஆராணு தாமசம்?"

"மாமா."

"நிங்ஙளோ?"

"நாங்க இல்லை சார். மாமா மட்டும்தான் தாமசம்."

அவர் உதவியாளைப் பார்த்தார். "எப்போழும் உண்டோ?"

மாமா களமசேரியிலிருந்து ஒருநாளாவது நேரத்துக்கு வீடு வந்ததுண்டா? சோறு ஆறிப்போகிறது என்று அத்தை புலம்பாத நாள் உண்டா? கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன். "எப்பவுமே தாமசம்தான் சார். அத்தை தினமும் சொல்லுவாங்க."

உதவியாள் எழுதிக்கொண்டார். எழுதுகிறாரே, ஆளனுப்பி மாமாவைத் தேடுவார்கள் என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

எங்கள் ஊரில் தாமசம் என்றால் நேரமாகிப்போவது. கொச்சியில் தாமசம் என்றால் குடியிருப்பது. வெள்ளம் என்றால் தண்ணீர், பட்டி என்றால் நாய் என்று வந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துச் சிரித்தார்களே, இந்த ஒரு வார்த்தையை ஏன் ஒருவரும் சொல்லித்தரவில்லை? சொல்லிக்கொடுக்காதவர்கள்மேல் குற்றமில்லை, சொன்னவள்மேல் குற்றமாம்.

உதவியாள் கல்லுக்குக் கல் டேப் பிடித்து அளந்தார். கதவில் பசை தடவி ஒரு காகிதம் ஒட்டினார். அரை மணி நேரம் கழித்து மாமா வந்தபோது, அவருடைய வீடு சர்க்கார் நிலத்தை ஆக்கிரமித்த வீடாகியிருந்தது.

மாமா டயரைத் தோளில் தூக்கிக்கொண்டே ஓடிவந்தார். "சாரே, இது பஞ்சர். தா, டயர் என் கையில இருக்கு. சக்கரம் வெச்ச வீடு எங்கேயாவது உண்டா?"

அந்த அதிகாரி கத்தவில்லை. இந்த மாதிரி எத்தனையோ பார்த்தவர். முதலில் சக்கரத்தில் வருவார்கள், பிறகு சக்கரம் போய்க் கல் வரும், அதற்குப் பிறகு தகரக் கூரை வரும், இரண்டு வருஷத்தில் பட்டயம், அதாவது பட்டா, கேட்டு மனு வரும். அதுவும் லீவு நாளாகப் பார்த்துத்தான் செய்வார்கள், அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை சுற்றி வருகிறோம் என்றார். வண்டி என்றால் ஆர்.சி. புத்தகம் எங்கே என்று கேட்டார். மாமாவிடம் இல்லை. வீடு என்றால் பட்டயம் எங்கே என்று கேட்டார். அதுவும் இல்லை. அப்படியானால் இது என்ன என்று கேட்டார். மாமா எதிர்க்கரையைக் காட்டி, "அதும் புறம்போக்குதானே சார், அங்கே போய்க் கேட்டீங்களா?" என்றார். அதிகாரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அங்கே மதில் தண்ணீருக்குள் வரைக்கும் இறங்கியிருந்தது, அவர்களுடைய படகுக்குத் தனியாகப் படித்துறைகூடக் கட்டியிருந்தார்கள். அந்த மதிலுக்கு யாரும் டேப் பிடித்து நான் கேள்விப்பட்டதில்லை.

"ரெண்டு நாள் ஜாலிக்கு வந்தோம் சார்" என்று மாமா கெஞ்சினார்.

அதிகாரி என்னைக் காட்டினார். "குட்டி பறஞ்ஞல்லோ. எப்போழும் தாமசமாணென்னு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பத்து வயதுப் பிள்ளை, ஊருக்கு வந்து ஆறு மாதமானவள், சொன்னதை ஃபைலில் எழுதுவதற்கு முன்னால் இன்னொரு தடவை கேட்டிருக்கக்கூடாதா?

சாயங்காலம் டிராக்டர் வந்து வண்டிவீட்டை இழுத்துக்கொண்டு போனது. பாயும் பாத்திரமும் ஜீப்பில் எங்கள் மடியில். மலை இறங்கிய பிறகு மாமா ஓரமாக நிறுத்தி, "மோளே, நீ என்னதான் பறஞ்சே?" என்று கேட்டார். நான் கேள்வியும் பதிலுமாக அப்படியே ஒப்பித்தேன். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அவர் குலுங்கினார். சிரித்தார் என்றுதான் குடும்பத்தில் சொல்கிறார்கள். பின்சீட்டிலிருந்து பார்த்தவளுக்கு அது அவ்வளவு நிச்சயமில்லை.

மாமா லீவு போட்டுவிட்டு அந்த ஆபீஸுக்கு நடையாக நடந்தார். ஃபைல் மேலே போயிருக்கிறது என்பார்கள், கீழே வரவில்லை என்பார்கள். ஆபீஸ் முற்றத்தில் மழையில் நின்ற பெட்டியின் தரை ஓட்டையாகி, உள்ளே புல் முளைத்துவிட்டதைப் பார்த்துவிட்டு வந்த அன்றோடு அவர் போவதை நிறுத்திக்கொண்டார். கூடத்தில் பழையபடி பாய் விரித்தார்கள். எனக்கு 'தாமசம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அதற்கும் நான் பொறுத்துப்போயிருப்பேன். பொறுக்கமுடியாமல் போனது அத்தையின் விஷயத்தில்தான். பந்தியில் எல்லாரும் என்னைச் சொல்லிச் சிரிக்கும்போது அத்தையும் அங்கேதான் பரிமாறிக்கொண்டிருப்பாள். ஒரு தடவைகூட "அவ மட்டும் இல்லை" என்று அவள் சொன்னதில்லை. அதற்காக ரொம்ப வருஷம் அவளோடு நான் சரியாகப் பேசவில்லை. சொன்னது நான் மட்டும் இல்லை என்பது நாலு பேருக்குத்தான் தெரியும். அத்தைக்கு, எனக்கு, அந்த அதிகாரிக்கு, அவருடைய உதவியாளுக்கு.

என்னிடம் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு, பசை தடவுவதற்கு முன்னால், அவர் கதவுப் பக்கம் திரும்பினார். பேச்சுச் சத்தம் கேட்டு அத்தை கரண்டியோடு படியில் வந்து நின்றிருந்தாள். பத்து வருஷமாக மட்டாஞ்சேரியில் மலையாளத்தில் காய்கறி வாங்கினவள், மலையாளத்தில் சண்டை போட்டவள். நீங்களும் இங்கேயேதான் குடியிருக்கிறீர்களா என்று அவரும் விளக்கமாகத்தான் கேட்டார். "நிங்ஙளும் இவிடெத்தன்னெயாணோ தாமசம்?"

அத்தை திரும்பி உள்ளே பார்த்தாள். திரையை, அடுக்கிவைத்த தட்டுகளை, கதவின் உள்தாழ்ப்பாளை. பிறகு அவரைப் பார்த்து, "அதே" என்றாள். மலையாளத்தில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "உள்ளே வந்து உட்காருங்க சார், சாயா போடறேன்" என்று சொல்லிக் கதவை அகலத் திறந்துவைத்தாள்.

பாவம், அத்தையும் மாமாவை நினைத்துத்தான் கவலைப்படுகிறாள் என்று அப்போது நினைத்து, நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.