பிரேக்கை மிதித்தால் அழும் ரேடியோ

நான் கட்டியதை எல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு செத்த லோரிகளைப் பிரித்து, ஒன்றின் எஞ்சினை மற்றதன் சட்டத்தில் உட்கார வைத்து, பினாங்குத் துறைமுகத்தில் சரக்கு ஏற்ற ஒரு லோரி செய்தேன். அது ஓடாது என்று சிரித்தவர்களின் மூட்டைகளையே அதில் ஏற்றிக்கொண்டு போனேன். அந்த ஒரு லோரி நான்காயிற்று. பட்டர்வொர்த் பக்கம் வீடு கட்டினேன். அதற்குள் ஓடும் வயர் முழுவதும் என் கையால் இழுத்தது. கோயில் சமையல் கொட்டகைக்குத் தகரக் கூரை போட்டேன். ஒரு மழைக்காலத்துப் பெருங்காற்றில் பக்கத்துக் கூரைகள் எல்லாம் பறந்தன, என்னுடையது அசையவில்லை. மகளைப் பட்டதாரி ஆக்கினேன். இவ்வளவும் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் செய்தது. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எனக்கு யாரும் ஒரு ஸ்பேனர்கூட வாங்கித் தந்ததில்லை.

லோரிகள் போய்விட்டன. வீடும் போய்விட்டது. மனைவிக்குச் சிறுநீரகம் கெட்ட பிறகு, டயாலிசிஸ் நிலையம் பக்கத்தில் இருக்கட்டும் என்று ஜார்ஜ் டவுனில் கடலோரமாக ஓர் அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். என் கையில் மிஞ்சியது ஒரு பழைய கார்தான். நம் நாட்டிலேயே செய்தது. அதில்தான் அவளை நிலையத்துக்கு அழைத்துப் போய் அழைத்து வருகிறேன். ஊசி குத்திய கையோடு அவள் வெளியே வரும்போது வாசலில் என் கார் நிற்க வேண்டும். இந்த வயதில் எனக்கு மிச்சம் இருக்கிற வேலை அது ஒன்றுதான்.

அந்தக் காரின் ஏர்கோன் கெட்டுப்போனது. முழுதாகக் கெட்டிருந்தால் பரவாயில்லை. கிளம்பும்போது ஜில்லென்று அடிக்கும். ஜாமில் மாட்டினால் சூடு ஊதும். கூடவே ரேடியோவும் கெட்டது. பாட்டுக்குப் பின்னால் 'ஙொய்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும்.

"ஏங்க, இது ஏர்கோனா அடுப்பா?" என்பாள் அவள்.

"கொஞ்சம் பொறு, வரும்."

"வரும் வரும்னே கொம்தார் கட்டடம் தாண்டியாச்சு. ரேடியோவுல யாரு, கொசுவப் பாட விட்டிருக்காங்க?"

மகள் பாயான் லெப்பாஸ் பக்கம் இருக்கிறாள். வந்து பார்த்தாள். அம்மாவின் ரவிக்கை வேர்வையில் ஒட்டியிருந்ததையும் பார்த்தாள்.

"அப்பா, அம்மாவ இந்தச் சூட்டுல வச்சு ஓட்டுறது பாவம்பா. சீக்கிரமா சரியாகலன்னா காடிய வித்துருவோம். போன்ல கூப்பிட்டா வேற காடி வாசலுக்கே வருது லா."

அவள் காரை விற்கச் சொன்னதில் தப்பில்லை. தப்பில்லை என்பதுதான் எனக்குப் பயம்.

ஏர்கோன் பட்டறைக்குப் போனேன். "அண்ணே, கேஸ் இல்ல லா" என்று கேஸ் அடித்தார்கள். அடுத்த முறை போனபோது கம்ப்ரெசரை மாற்றினார்கள். "இனிமே ஐஸ் பெட்டிதான் அண்ணே, போங்க" என்றார் பட்டறைக்காரர். ஐஸ் பெட்டிதான், ஜாம் வரும் வரை. ரேடியோவைக் காட்டினேன். அது எங்கள் வேலை இல்லை, ரேடியோ கடைக்குப் போங்கள் என்றார். ரேடியோ கடைக்காரர் ஸ்பீக்கரை மாற்றினார், ஏரியலை மாற்றினார். கொசு போகவில்லை. "காடி பழசு அங்கிள், அதுக்கெல்லாம் காது குடுக்காதீங்க" என்றார். ஏர்கோன் சூட்டைச் சொன்னால், அது எங்கள் வேலை இல்லை என்றார். ஒவ்வொரு கடையிலும் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இடுப்பு போய்விட்டது. பாதிக் கோளாற்றை இங்கேயும் மீதியை அங்கேயும் காட்டிக்கொண்டு அலைந்தேன்.

ஒரு நாள் அவளை நிலையத்திலிருந்து கூட்டி வரும்போது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் மாட்டிக்கொண்டோம். உச்சி வெயில். நாசி கண்டார் சோறு வாங்க நின்ற வரிசை வாகனங்களுக்கு நடுவே வந்து நின்றது. கார் நகர்ந்தால் ஒரு சாண் நகர்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் காதில் விழுந்தது. பிரேக்கில் கால் வைத்தால் ரேடியோவின் அழுகை கனத்தது, ஏர்கோன் காற்றாடி இளைத்தது. காலை எடுத்தால் அழுகை மெலிந்தது, காற்றாடி மூச்சு விட்டது. மறுபடி மிதித்தேன். முன்னால் எங்கேயோ 'டக்' என்று ஏர்கோன் நின்றது. எடுத்தேன், மிதித்தேன், எடுத்தேன். பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்தான்.

"கால்ல என்ன, டான்ஸா?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

பிரேக்கை மிதித்தால் பின்னால் விளக்கு எரிகிறது. விளக்குக்குப் போன கரண்ட் திரும்பி வர வேண்டும். அது காரின் உடம்புத் தகரம் வழியாக வந்து, ஒரு கறுப்பு வயரைப் பிடித்துத்தான் பேட்டரிக்குப் போய்ச் சேரும். எர்த் வயர் என்பார்கள். காற்றாடி, ரேடியோ, ஏர்கோன் சுவிட்ச், விளக்கு எல்லாம் வீடு திரும்புவது அந்த ஒரே வாசல் வழியாக. வாசலில் துரு அடைத்தால் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் ஜாமில் மட்டும் இந்தக் கூத்து, பிரேக்கிலிருந்து கால் எடுக்க முடியாத இடத்தில். எஞ்சினுக்குத் தனி வயர் இருப்பதால் கார் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. அதனால் பேட்டரிப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவே இல்லை. கோளாறு இரண்டில்லை, ஒன்று.

கண்டுபிடித்தவனுக்கு மகிழ்ச்சி வர வேண்டும். எனக்கு வந்தது, இனி குனிய வேண்டுமே என்ற அலுப்பு. அந்த வயர் முடிகிற போல்ட் பேட்டரித் தட்டுக்குக் கீழே இருக்கிறது. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்து நின்றார். தாசேக் கெலுகோரில் செம்பனைத் தோட்டத்துக்குச் சாமான் ஏற்ற ஒருவர் பழைய கார் தேடுகிறாராம். காட்டிவிட்டு வரலாம் என்று சாவி கேட்டார்.

"ஆள் காத்துக்கிட்டு இருப்பாரு மாமா."

"போவோம் மாப்பிள. முதல்ல உள்ள ஏறி எஞ்சினப் போட்டு, ஏர்கோனும் ரேடியோவும் வச்சு, பிரேக்க மிதிங்க."

"எதுக்கு மாமா?"

"மிதிங்க, சொல்றேன்."

அவர் மிதித்தார். ரேடியோ அழுதது. நான் ஜம்பர் வயரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் கவ்வ வைத்து, மறு முனையைக் காரின் உடம்பில் சுரண்டி வைத்திருந்த ஒரு போல்ட்டில் கவ்வ வைத்தேன். கொசு அந்த நொடியே செத்தது. ஏர்கோன் 'டக்' என்று பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து சத்தம் வந்தது.

"மாமா! ஐயோ, ஜில்லுன்னு அடிக்குது மாமா! என்ன செஞ்சீங்க?"

அவர் குளிரில் உட்கார்ந்திருந்தார், நான் வெயிலில் குனிந்திருந்தேன். எஞ்சினை அணைக்கச் சொல்லி, பேட்டரியைத் தூக்கி எடுத்துப் பார்த்தால், போல்ட் பிஸ்கட்டைப் போல உதிர்ந்தது. வயரின் முனையில் பச்சைப் பொடி பூத்திருந்தது. கடல் காற்றின் வேலை. மாப்பிள்ளை போய்ப் புது வயரும் உப்புத்தாளும் வாங்கி வந்தார். நான் தேய்க்கும்போது டார்ச் பிடித்தார். அவருடைய பங்கை நான் மறைக்கவில்லை. நல்ல மனிதர். அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள்.

"சரியாயிடுச்சு... ஆமா, எர்த் வயரு... ஆமா லா, நான்தான் புடிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றார் அவர்.

டார்ச்சைத்தான் சொன்னார். அவள் எதைப் பிடித்ததாக எடுத்துக்கொண்டாளோ. கார் தாசேக் கெலுகோருக்குப் போகவில்லை.

சில நாள் கழித்து, மனைவி நிலையத்தின் உள்ளே படுத்திருக்க, நான் எதிரே மரத்தடியில் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். குளிர்ந்த காற்று. ரேடியோ தண்ணீர் போலத் தெளிவு. நேயர்கள் போன் செய்து வேண்டியவர்களுக்குப் பாட்டுக் கேட்கிற நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து வந்த குரல் அவளுடையது என்று முதல் இருமலிலேயே தெரிந்துகொண்டேன்.

"எங்க பழைய காடி ஏர்கோனு கெட்டுப்போயி ரொம்ப அவதிப்பட்டோம்மா. எங்க மாப்பிள்ளதான் கண்டுபுடிச்சி சரி செஞ்சாரு. அவருக்காக ஒரு பாட்டு போடுங்க."

"மாப்பிள்ளை கெட்டிக்காரர் போல, அம்மா!" என்றாள் அறிவிப்பாளர் பெண்.

"கெட்டிக்காரருதான்."

நான் சரி செய்த ரேடியோ வழியாக, ஒரு சொல் பிசகாமல் கேட்டேன். பாட்டு முடியும் வரை அணைக்கவும் தோன்றவில்லை.

அவள் வந்து ஏறினாள். கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. நான் வண்டியை எடுக்கவில்லை.

"கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன். மாப்பிள்ளையா கண்டுபுடிச்சாரு?"

"இல்ல, நீங்கதான். எனக்குத் தெரியாதா? கப்பித்தான் கெலிங் ரோட்டுல டான்ஸ் ஆடுனத நான்தான பாத்தேன்."

"அப்புறம்?"

"உங்க மகளுக்கு அவரு செஞ்சாதான் நம்பிக்கை. நீங்க செஞ்சீங்கன்னு தெரிஞ்சா, அப்பா எதையோ முறுக்கி வச்சிருக்காரு, தீப்பிடிக்கும்னு மறுநாளே காடிய தள்ளிருவா. எனக்கு இந்தக் காடி வேணும்."

"உனக்கு எதுக்கு?"

"அடுத்தவன் காடியில வாயத் தொறந்துக்கிட்டு தூங்க முடியுமா?"

சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்தாள். தெருமுனை திரும்புவதற்குள் தூங்கிவிட்டாள், சொன்னபடி வாயைத் திறந்துகொண்டு. ஜாம் இருந்தது. பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். குளிர் குறையவில்லை.

அவள் போட்ட கணக்கு சரி. அவள் அப்படிச் சொன்னதால்தான் சாவி என்னிடம் இருக்கிறது. இப்போது மகள் போன் செய்தால், "அவரு ஒரு தடவ பாத்துட்டாருப்பா, பயமில்ல" என்கிறாள். நானும் சரிம்மா என்று வைத்துவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தச் சரிம்மாவைச் சொல்ல, பேட்டரியைத் தூக்குவதைவிட அதிகத் தெம்பு வேண்டியிருக்கிறது.

ஆகவே எழுதிவிட்டேன். மகள் படிக்கட்டும். படித்துவிட்டுக் காரை விற்க வேண்டும் என்றால், முதலில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த வயர் தீப்பிடிக்கிறதா என்று ஜாமில் ஓட்டிப் பார்க்கட்டும். மனைவிக்கும் ஒன்று. அதே நிகழ்ச்சிக்கு இன்னொரு முறை போன் செய்ய வேண்டும். டார்ச்சைப் பிடித்தது மாப்பிள்ளை, கோளாற்றைப் பிடித்தது என் வீட்டுக்காரர் என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். பாட்டு எதைப் போட்டாலும் சரி.