வழிகாட்டியின் இடுப்புக் கயிறு

கடற்கரையில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகுகளை வாடகைக்கு விடும் கொட்டகையில் அவளை எல்லோரும் ‘பக்கிள் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிறவர்களின் லைஃப் ஜாக்கெட்டைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பார்ப்பது அவள் வேலை. காதுவரை ஏறினால் பக்கிளில் வாரை இறுக்க வேண்டும். நாள் முழுக்க இழுத்து இழுத்து, சாயங்காலம் தலை வாரக்கூடக் கை எழும்பாது.

“தொப்பைய உள்ள இழுக்காதீங்க சார். அங்க மீனுங்கதான் பாக்கப்போகுது.”

இந்த ஜோக் அவளுக்கே அலுத்துவிட்டது. ஆனால் சொன்னால்தான் ஆட்கள் சிரித்து உடம்பைத் தளர விடுகிறார்கள்.

அவள் இழுத்துப் பார்க்காத ஆள் ஒருவர்தான். ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போகும் வழிகாட்டி, அவள் வீட்டுக்காரர். வழிகாட்டியை அங்கே யாரும் சோதிப்பதில்லை. அவர் இடுப்பு பெல்ட்டிலிருந்து படகுக்கு ஒரு கயிறு போகும். ஆழத்தில் கவிழ்ந்தால் காற்று படகை அடித்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்பதற்காக. கரையோரம் அலை உடையும் இடத்துக்கு வருமுன் அதைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் படகு ஆளையும் இழுத்துக்கொண்டு உருளும். அவசரத்துக்கென்று பெல்ட்டில் கோலிபோல ஒரு சிவப்புக் குண்டு உண்டு, இழுத்தால் பெல்ட்டே கழன்றுவிடும். ஒரு வாரமாக உப்பேறி அது இறுகிக் கிடந்தது.

“நல்ல தண்ணில கழுவுங்கன்னு எத்தன தடவ சொல்றது?”

“நாளைக்குப் பாத்துக்கலாம்டி. உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு.”

அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. விட்டுவிட்டாள்.

மறுநாள் மதியம் கூட்டத்தையெல்லாம் கரையேற்றிவிட்டு அவர் கடைசியாக வந்தார். அசதியில் கயிறு நினைவிலேயே இல்லை. அலை படகைப் புரட்டிப் போட்டது. படகு முன்னே உருள, அவர் பின்னே இழுபட்டார். இறுக்காத ஜாக்கெட் முகத்துக்கு மேல் ஏறிக்கொண்டது. அவள் விழுந்தடித்து ஓடித் தண்ணீரில் இறங்கினாள். அவர் இடுப்பில் சிவப்புக் குண்டைத் தேடித் துழாவினாள். குண்டும் இல்லை, பெல்ட்டும் இல்லை. இறுகிப்போன பெல்ட்டோடு மல்லுக்கட்டப் பிடிக்காமல், மனிதர் கயிற்றை நேராக இடுப்பில் முடிச்சுப் போட்டிருந்தார். முடிச்சு அசைந்துகொடுக்கவில்லை. நைந்த வார்களை வெட்ட அவள் பையில் வைத்திருக்கும் சின்னக் கத்திதான் கைகொடுத்தது.

மணலில் கிடந்து இருமி ஓய்ந்தவர் முதலில் சொன்னது, “புதுக் கயிறுடி, வெட்டிட்டியே.”

அடிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கோபத்தில் பாதி தன்மேல்தான்.

மறுநாள் காலை, வாடகைக்கு வந்தவர்களின் வரிசையில் கடைசி ஆளாக அவர் நின்றார். பெல்ட்டைக் கழுவி மாட்டியிருந்தார். முறை வந்ததும் எல்லோரையும் போலக் கைகளைத் தூக்கினார். தோள்பட்டையை இழுத்தாள், ஜாக்கெட் அசையவில்லை. சிவப்புக் குண்டை இழுத்தாள். பெல்ட் கழன்று மணலில் விழுந்தது. எடுத்து மாட்டி மறுபடி இழுத்தாள். மறுபடியும்.

“போதும்டி, எல்லாரும் படகுகிட்ட காத்துட்டிருக்காங்க.”

“இருக்கட்டும்,” என்றாள். அவர் தோளைப் பிடித்த கையை அவளால் எடுக்க முடியவில்லை.