பூ கேட்டு வாங்கிய பத்திரிகை

திருச்செங்கோட்டுக்கும் எடப்பாடிக்கும் நடுவே ஏழு ஊர்களுக்கு நான்தான் கேபிள்காரன். பத்தாவது வரை படித்தவன். நெற்றியில் திருநீறு இல்லாமல் ஏணியில் கால் வைத்ததில்லை. ஏணியிலிருந்து இதுவரை விழுந்ததுமில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது என் கட்சி. ஏணி நல்ல ஏணி என்பது என் மனைவியின் கட்சி.

ஓர் ஐப்பசியில், கடைசி ஊரில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் என்னை வழிமறித்தார். இளம்பிள்ளை வியாபாரிகள் அவருக்குச் சேலை டிசைன்களைப் போனில்தான் அனுப்புவார்கள். அந்த ஊரிலோ மொட்டைமாடியில் மட்டும்தான் சிக்னல்.

“ஏனுங்க, டிவிக்கு இழுத்த மாதிரி நெட்டுக்கும் ஃபைபர் இழுத்து உடுங்களேன். ஒரு டிசைனப் பாக்க நாலு வாட்டி மாடி ஏறறேன். முட்டி தேஞ்சு போச்சுங்க.”

“பாக்கலாமுங்க.”

“சித்திரைக்குள்ள பாருங்க. இல்லாட்டி நான் வேற ஆளப் பாக்கோணும்.”

அவர் போனால் அந்த ஊரே அவர் பின்னால் போகும். ஆனால் டிவி கேபிள் தொங்கும் பழைய கம்பங்கள் இற்றுப்போயிருந்தன; காடு என்று நாங்கள் சொல்லும் மானாவாரி நிலங்கள் வழியாகப் புதுக் கம்பம் நட்டுத்தான் அந்த ஊருக்கு ஃபைபர் கொண்டுபோக வேண்டும். டீக்கடையிலோ, இனிமேல் நெட் சாட்டிலைட் வழியாக வானத்திலிருந்தே வரப்போகிறது, கம்பி எல்லாம் பழைய இரும்புக் கடைக்குத்தான் என்று பேசிக்கொண்டார்கள். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் இரும்பு இல்லை என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஆளுக்கொன்று சொல்கிறார்களே, படித்தே தெரிந்துகொள்வோம் என்று கிளம்பினேன்.

பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் தகவல் தொடர்பு பற்றி நல்ல பத்திரிகை வேண்டும் என்றேன். கடைக்காரர் வேலைவாய்ப்புச் செய்தி இதழை எடுத்துக் கொடுத்தார். நாளிதழின் தொழில்நுட்பப் பக்கம், போன் சூடானால் என்ன செய்வது என்று வாராவாரம் சொன்னது. யூடியூபில் ஒருவர் கண்ணை உருட்டி, உலகமே அதிர்ச்சி என்றார். கடைசிவரை பார்த்தேன். அதிர்ச்சி எதுவென்று சொல்லவில்லை.

நான் கனெக்‌ஷன் கொடுத்த வீட்டில் ஒரு கல்லூரி ஆசிரியர் இருந்தார். அவர் இரண்டைக் காட்டினார். ஒன்று தடிமனான ஆங்கில ஆய்விதழ். அதில் பாதிப் பக்கம் கணக்கு. இன்னொன்று, ஓய்வுபெற்ற தொலைபேசி இன்ஜினியர் ஒருவர் மாதம் ஒருமுறை மின்னஞ்சலில் அனுப்பும் கடிதம். படம் கிடையாது, நிறம் கிடையாது, மளிகைச் சிட்டை மாதிரி இருந்தது. மூன்றாவதைக் கேபிள் சாமான் விற்கும் கம்பெனிக்காரர் எனக்குக் கொடுத்தார். கேபிள்காரர்களுக்கென்றே வரும் வழவழப்பான மாத இதழ். அட்டையில் ஆயுத பூஜை வாழ்த்து போட்டிருந்தது. என் மனம் அங்கேயே சாய்ந்துவிட்டது.

ஆனாலும் எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பதோ கிணறு வெட்டுவதோ பூ கேட்காமல் நடப்பதில்லை. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் போட வேண்டும். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

“என்ன காரியமுங்க?” என்றார் பூசாரி.

“ஒரு பத்திரிகைக்குச் சந்தா கட்டறதுங்க.”

“நானும் முப்பது வருசமா பூ எடுக்கறன் சாமி. இது புதுசு,” என்று சொல்லிப் பொட்டலத்தை எடுத்தார். வெள்ளை அரளி. கன்னத்தில் போட்டுக்கொண்டு அன்றே வழவழப்பான இதழுக்குச் சந்தா கட்டினேன்.

கார்த்திகை இதழில், வானத்து நெட் வெகு விரைவில், கம்பி இழுப்பவர்கள் ஏமாறுவார்கள் என்று எழுதியிருந்தது. நான் இழுக்கவில்லை. தை இதழில் மிக விரைவில். மாசியில் இதோ வாசலில். வாசலை நானும் பார்த்தேன். பங்குனி இதழ், கேபிள்காரர்களுக்கு ஃபைபர்தான் எதிர்காலம் என்றது. முன்பு சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பழைய இதழ்களைப் பரப்பிப் பார்த்தேன். வானம் பற்றி எழுதிய மாதங்களில் பின்னட்டையில் சாட்டிலைட் நெட்டுக்கான டிஷ் விளம்பரம். ஃபைபர் மாதத்தில் ஃபைபர் விளம்பரம்.

சாப்பிட உட்கார்ந்ததும் மனைவியிடம் கேட்டேன்.

“ஏம்புள்ள, ஆத்தா வெள்ளப் பூத்தான குடுத்தா? அவளே இப்படிப் பண்ணலாமா?”

“அங்க போயி என்னன்னு கேட்டீங்க?”

“சந்தா கட்டலாமான்னு.”

“கட்டலாம்னு ஆத்தா சொன்னா. கட்டுனீங்க, மாசாமாசம் ஒழுங்கா வருது. அதுல இருக்கறத நம்பலாமான்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. இதற்காக அம்மன் மேல் குறை சொல்ல வந்தவன் தலையைக் குனிந்து சாப்பிட்டேன்.

அதன்பிறகுதான் இன்ஜினியரின் கடிதங்களைக் கல்லூரி ஆசிரியரிடம் கேட்டு வாங்கித் திறந்தேன். ஒவ்வொரு கடிதமும் ‘போன மாதம் நான் தவறாக எழுதியவை’ என்று தொடங்கியது. முதலில் சிரிப்பு வந்தது. இத்தனை தப்பு செய்கிறவரிடம் என்ன கற்பது? நாலைந்து கடிதம் படித்தபின் சிரிப்பு நின்றது. தப்பை ஒப்புக்கொள்கிறவர் மற்றதைத் தெரிந்துதான் சொல்கிறார். தெரியாத இடத்தில் எனக்குத் தெரியவில்லை என்றே எழுதியிருந்தார். வானத்து நெட் வரும். கம்பி போக முடியாத மலைக்கும் கடலுக்கும் அது தேவை. கம்பம் நட முடிகிற சமவெளியில் ஃபைபருக்குப் பயமில்லை. இதை அவர் எழுதியது ஐப்பசியில். அட்டையில் வாழ்த்து பார்த்து நான் மயங்கிய அதே மாதம்.

வைகாசியில் தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். சுவரில் வேறொருவரின் புதுப் பெட்டி பச்சை விளக்கோடு மின்னிக்கொண்டிருந்தது.

“வாங்க. கூப்பிட்டுப் பாத்தனுங்க. படிச்சுட்டு இருக்கறன், படிச்சுட்டு இருக்கறன்னீங்க. எனக்குத் தறி நிக்குதுங்களே.”

“தப்பு என்னுதுதானுங்க. மத்த ஊடுகளுக்காச்சும் இழுக்கலாம்னு வந்தன். அவிகளும் மாறிட்டாங்களா?”

“இன்னும் இல்லீங்க. புதுசா வந்தவன் எங்க ஊட்டோட நின்னுட்டான். உள்ள இருக்கற ஊடுகளுக்குக் கம்பி போக வழியில்லீனுட்டான்.”

எனக்கும் வழியில்லை. உள்ளே போக வேண்டுமானால் அவர் காட்டில்தான் கம்பம் நட வேண்டும். எந்த முகத்தோடு கேட்பது? தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

“ஏனுங்க, அளவு கயிறு கொண்டாந்தீங்களா?” என்றபடி அவரும் எழுந்து செருப்பை மாட்டினார். “கனெக்சன்தான் அவனுக்குக் குடுத்துப்போட்டேன். காட்டு மூலை சும்மாத்தான் கெடக்குது. வாங்க, குழி எங்கீன்னு காட்டறன்.”